பெட்டியைக் காட்டுவதற்கு முன்னால்: பேட்டன்ட் எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குன்னூரில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சீசன் இல்லாத மாதங்களில் தேயிலை ஃபேக்டரி மோட்டார்களும் வரும். அவ்வப்போது யாராவது ஒரு பையில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணா, இது நானே பண்ணது. பேட்டன்ட் வாங்கணும்" என்பார்கள். பையைப் பிரிக்க விடுவதற்கு முன் நான் கேட்பது ஒன்றுதான்: "இதுவரைக்கும் யார் யார்கிட்ட காட்டியிருக்கே?"

பதிலைக் கேட்டால் பாதி நேரம் வயிறு கலங்கும். காலேஜ் கண்காட்சி, யூடியூப் வீடியோ, வாட்ஸ்அப் குரூப் என்று வரிசையாக வரும். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு கண்டுபிடிப்பு ஊருக்குத் தெரிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அது புதிது இல்லை. காட்டியது நீங்களே என்றாலும் அப்படித்தான். "கண்காட்சிக்கு 12 மாசம் சலுகை இருக்காமே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும், கற்றறிந்தோர் சங்கங்களில் வாசிக்கும் கட்டுரைகளுக்கும்தான் அது. நம்மூர்க் காலேஜ் ஹாலில் மேசை போட்டு வைத்தது அந்தக் கணக்கில் வராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகைக்கு இந்த மலையோடு பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் அந்த நோயை முதலில் பதிவு செய்தது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இன்றும் கூடலூர், பந்தலூர் பக்கம் முகாம் போட்டு ரத்தம் பார்க்கிறார்கள். எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. சோடியம் டைதயோனைட் கலந்த கரைசலில் ஒரு துளி ரத்தத்தை விட்டு, டியூபுக்குப் பின்னால் கோடு போட்ட அட்டையைப் பிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் இல்லை. கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. நோயா, மரபணுவை மட்டும் சுமக்கிறாரா என்று இது பிரித்துச் சொல்லாது; அதற்கு வேறு பரிசோதனை வேண்டும். அந்தி வெளிச்சத்தில் ஒருவருக்குக் கோடு தெரியும், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. சரி, கண்ணுக்குப் பதில் ஒரு எல்.இ.டி., எதிரே ஒரு ஒளி சென்சார் என்று சின்னப் பெட்டி செய்தேன். பெருமை தாங்காமல் ஒரு கண்காட்சியில் வைத்தேன். ஒரு பத்திரிகையில் படத்தோடு, எப்படி வேலை செய்கிறது என்றும் விளக்கமாகப் போட்டார்கள். அதன் பிறகுதான் விண்ணப்பம் போட்டேன். பிற்பாடு பேட்டன்ட் அலுவலகத்தின் ஆய்வறிக்கை வந்தபோது, என் முதல் கிளெய்முக்கு (இன்னது என்னுடையது என்று கோரும் வாசகத்துக்கு) எதிராகக் காட்டியிருந்த ஆதாரம் என் படம் போட்ட அந்தச் செய்திதான்.

வெளியே வாய்விட்டுக் கெட்டவர்களின் வரிசை நீளம். ஜேம்ஸ் வாட்டே அதில் உண்டு. நீராவி எஞ்சினில் கிராங்க் (முன்பின் அசைவைச் சுழற்சியாக்கும் வளைந்த தண்டு) வைத்துச் சக்கரத்தைச் சுற்ற வைக்கலாம் என்ற யோசனை தன் பட்டறை ஆள் மூலம் கசிந்துவிட்டதாக அவர் கடைசிவரை புலம்பினார். 1780-ல் பேட்டன்ட் வாங்கியது பிக்கார்ட் என்ற வேறொருவர். வாட் கிராங்க்கைத் தொட முடியாமல், சூரியனும் கோளும் போலச் சுற்றும் பல்சக்கரங்களை அமைத்து 1781-ல் தனிப் பேட்டன்ட் எடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரில் அதே வேலையை டீக்கடை பெஞ்சு செய்கிறது.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: தன்னுடையது எது என்று தனக்கே தெரியாமல் எழுதுவது. எல்லாரும் பெரிய யோசனையைத்தான் கோருவார்கள். பெரிய யோசனை பெரும்பாலும் யாரோ தாத்தா காலத்தில் யோசித்தது.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்திருக்கிறீர்களா? கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த பட்டைகள் தொடங்கும். குன்னூர் வரை வரும். ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். ரயிலுக்குப் பல் தண்டவாளம் என்பது புதுசே இல்லை. பிளென்கின்சாப் 1811-லேயே இங்கிலாந்தில் அதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். ரிக்கன்பாக் 1863-ல் ஏணி மாதிரி ஒன்றுக்கு வாங்கினார். அப்புறம் 1882-ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் என்ன கொண்டுவந்தார்? இரண்டு பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளி வைத்தார். எஞ்சினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடும்போது இன்னொன்றைப் பிடித்திருக்கும். அந்த அரைப்பல் இடம் மாற்றம்தான் ஆப்ட்டுடையது. அடுத்த முறை குன்னூர் ஸ்டேஷனில் நின்றால் குனிந்து பாருங்கள், கண்ணாலேயே தெரியும்.

கோத்தகிரிப் பக்கம் ஒருவர் சரிவில் இலை மூட்டைகளை இழுக்கும் விஞ்ச்சுக்கு ஒரு பிரேக் செய்திருந்தார். ஒரு பல்சக்கரம், அது பின்னால் சுழலாதபடி பல்லில் மாட்டிக்கொள்ள, அரைப்பல் தள்ளி இரண்டு நாக்குகள். அருமையாகப் பிடித்தது. ஆனால் அந்த இரட்டை நாக்கு ஏற்பாடு நெடுங்காலமாக இருப்பது. தெரிந்த பாகங்களைச் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தன் பழைய வேலையையே செய்தால், அது கண்டுபிடிப்பு ஆகாது என்று காப்புரிமைச் சட்டத்தின் 3(f) பிரிவு சொல்கிறது. மெக்கானிக்கல் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். "உங்களுக்கு ரொம்ப நாள் தலைவலி கொடுத்தது எது?" என்று கேட்டேன். மழையில் கயிறு நனைந்து டிரம்மில் வழுக்குவது என்றார். அதற்கு அவர் செய்திருந்த சின்ன மாற்றத்தை அலட்சியமாக ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நான் அங்கேயே நிறுத்தினேன்: கோர வேண்டியது அதைத்தான்.

என் பெட்டியிலும் அதேதான். ஆடி மாதம் கூடலூரில் ஒரு முகாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டியூப்பை அப்படியே பெட்டியில் வைத்தார்கள். வெளிக் கண்ணாடியில் பனி பூத்தது. பெட்டி அதைக் கலங்கல் என்று நினைத்து வரிசையாகப் 'பாசிட்டிவ்' காட்டியது. கர்சீப்பால் துடைத்தால் நெகட்டிவ். மானம் போயிற்று. ஊருக்கு வந்து இரண்டாவது எல்.இ.டி. ஒன்றை வைத்தேன், டியூபில் கரைசல் இல்லாத மேல் பகுதி வழியாகப் போகும்படி. மேலேயும் மங்கலாக இருந்தால் அது கண்ணாடிமேல் படிந்த பனி; கீழே மட்டும் மங்கினால்தான் கலங்கல். பத்து ரூபாய் வேலை. இதைப் போய் எழுதுவானேன் என்று விடப் பார்த்தேன். விண்ணப்பத்துக்காகக் கருவியை முழுதாக விவரித்துத் தரும் முழு விவரக்குறிப்பில் கடைசி நேரத்தில் சேர்த்தேன். கண்காட்சிச் செய்தியில் இது இல்லை. கடைசியில் நின்றது இந்தக் கிளெய்ம் மட்டுமே.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரின் கதையும் இதே ஜாதி. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் தக்குவோ அயோயாகி, சாயம் செலுத்தி இதயம் எவ்வளவு ரத்தத்தை இறைக்கிறது என்று காதில் ஒளி வைத்து அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவர், அந்தத் துடிப்பிலேயே ஆக்ஸிஜன் அளவு ஒளிந்திருப்பதைப் பிடித்தார். அவருடைய நிறுவனம் 1974 மார்ச் 29 அன்று விண்ணப்பம் போட்டது. ஒரு மாதத்துக்குள் இன்னொரு ஜப்பானிய நிறுவனம் அதே யோசனையோடு வந்து நின்றது. தேதி எவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

மருத்துவக் கருவிக்காரர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. கிளெய்மை 'நோயைக் கண்டறியும் முறை' என்று தொடங்குவார்கள். மனிதர்களுக்கான நோயறி முறை, சிகிச்சை முறை எதற்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது, 3(i) பிரிவு. கருவிக்கு உண்டு. ஆகவே பெட்டியில் என்னென்ன இருக்கிறது, எது எதோடு எப்படி இணைந்திருக்கிறது என்று எழுதுங்கள். மொபைல் ஆப் மட்டும் என்றால், வெறும் கணினி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்னும் 3(k) பிரிவு வந்து நிற்கும்.

விவரம் எழுதுவதில் மலைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று. ஒருவர் சின்ன ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் பாத்திரம்) செய்து, அழுத்தமானியில் எவ்வளவு வர வேண்டும் என்பதை 'கேஜில் 15 பி.எஸ்.ஐ. வரும்வரை' என்று எழுதியிருந்தார். கடல்மட்டத்தில் அதற்கு 121 டிகிரி. கேஜ் காட்டுவது வெளிக் காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும்தான்; ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், அந்தக் காற்றழுத்தமே குறைவு. அதே கேஜ் அளவுக்கு 117 டிகிரி பக்கம்தான் வரும். கிருமி சாவதற்கு முக்கியம் வெப்பம். படித்துப் பார்த்து இன்னொருவர் அப்படியே செய்ய முடியாத விவரக்குறிப்பு சட்டப்படியும் ஊனம்தான்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தேதியைப் பிடிக்க முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரம் தர வேண்டும். தற்காலிகத்தில் இல்லாத விஷயத்துக்குப் பழைய தேதி கிடைக்காது. விண்ணப்ப எண் வந்ததையே பேட்டன்ட் வந்ததாக நினைத்து லட்டு கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வு செய்யச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். முன்பு 48 மாத அவகாசம் இருந்தது, 2024 மார்ச் 15 முதல் போட்டவற்றுக்கு 31 மாதம். தவறினால் கைவிட்டதாகக் கணக்கு. தனி நபர் இணையத்தில் போட்டால் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், ஆய்வுக்கு 4,000. வாங்காத பேட்டன்டை வாங்கியதாக ஸ்டிக்கர் ஒட்டினால் அபராதம் உண்டு. வெளிநாட்டில் முதலில் போட மச்சான் உதவுகிறார் என்றால், இங்கே இருப்பவர் அனுமதி வாங்காமல் செய்யக் கூடாது. ஆஸ்பத்திரியிலோ காலேஜிலோ வேலை பார்ப்பவர் முதலில் தன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்கட்டும். கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று அதில் ஒரு வரி இருக்கலாம்.

பேட்டன்ட் இருந்தால் விற்கலாம் என்பதும் தப்பு. அது மற்றவர்களைத் தடுக்கும் உரிமை, அவ்வளவே. ரத்தம் பார்க்கும் பெட்டியை விற்க, 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி உரிமம் தனியாக வேண்டும். என் பெட்டிக்கு அது இன்னும் இல்லை. அதனால் முகாம்களில் கோடு போட்ட அட்டையைத்தான் இப்போதும் பிடிக்கிறார்கள். டியூப்பைத் துடைத்துவிட்டுப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.