கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே பொருத்தும் முறை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மார்கழி விடியலில் குழாயைத் திறந்தால் கை விறைத்துப்போகும். கிருஷ்ணகிரியில் அந்த அளவுக்குக் குளிர் இல்லையென்றாலும், வீட்டில் வயதானவர்கள் இருப்பதால், நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கேஸ் கீசர் ஒன்றை வாங்கினோம். சுவர் வேலையையும் தண்ணீர்க் குழாய் வேலையையும் நானே செய்தேன். எரிவாயு இணைப்பை மட்டும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் இடம். கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. கதவடைத்த சிறிய அறையில் அடுப்பு எரிந்தால் பிராணவாயு குறைந்து, எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சிலிண்டர் வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் நாற்றம் சேர்க்கிறார்கள்; இந்த நச்சு வாயுவுக்கோ நிறமுமில்லை, நாற்றமுமில்லை, குளிப்பவர் தமக்கு என்ன ஆகிறது என்று உணர்வதற்கு முன்பே மயங்கிவிடுவார். எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பர், குழாய் மிச்சமாகும் என்பதற்காக உள்ளேயே மாட்டச் சொன்னார்; நான் ஒப்பவில்லை. பின்பக்க வெளிச்சுவரில், மழைச்சாரலும் நேர்க்காற்றும் படாத இடமாகப் பாருங்கள். குளியலறை ஜன்னலுக்கு அடியில் மாட்டினால் புகை அதன் வழியாக உள்ளே வந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து தண்ணீர் அழுத்தம். தண்ணீர் வேகமாகப் பாய்ந்து உள்ளிருக்கும் ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் எரிவாயு வால்வு திறக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. ஆகவே கையேட்டில் 0.25 பார் வேண்டும் என்றிருந்தால், தொட்டியின் அடிமட்டம் கீசரைவிட 2.5 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். எங்கள் தொட்டி மொட்டை மாடித் தரையிலேயே இருந்ததால் முதல் வாரம் தீப்பொறி தட்டும் 'டிக் டிக்' சத்தம்கூட வரவில்லை. செங்கல் மேடை கட்டித் தொட்டியை நான்கடி தூக்கிய பிறகே கீசர் எரிந்தது.

சுவரில் துளையிட்டு, பிளக் அடித்து, சுடர் தெரியும் கண்ணாடி கண் மட்டத்தில் வரும்படி திருகாணியில் மாட்டுங்கள். குளிர்நீர் வரும் பக்கத்தில் ஒரு வால்வும் சல்லடையும் வையுங்கள். வெந்நீர் போகும் பக்கத்துக்குச் சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். சிபிவிசி குழாயே வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றி, ஸ்பானரால் அளவோடு முறுக்குங்கள். பித்தளை மரை மிகையாக இறுக்கினால் விரிசல் விடும்.

சிலிண்டரை நிமிர்த்தி, காற்றோட்டமான தரையில் வைக்க வேண்டும். கசியும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால், அது பள்ளத்திலும் சாக்கடைத் திறப்பிலும் போய்த் தங்கும். சமையல் அடுப்புக் குழாயிலிருந்து கிளை எடுக்காமல், கம்பி வலுவூட்டிய தனி ரப்பர் குழாயை மெக்கானிக் பொருத்தட்டும். அவர் முடித்ததும் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பாருங்கள். எங்கள் ரெகுலேட்டர் முனையில் கடுகளவு குமிழ் ஒன்று மெல்லப் பெரிதாகி வெடித்தது. கிளிப்பை அவர் மறுபடி முடுக்கியபின் அது வரவில்லை. தீக்குச்சியால் சோதிப்பது தற்கொலைக்குச் சமம். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.

தீப்பொறிக்கான இரண்டு பெரிய பேட்டரிகளை +, − குறி பார்த்துப் போட்டு, தண்ணீர்க் குழாயைத் திறங்கள். எரிவாயுக் குழாயில் காற்று இருப்பதால் முதல் இரண்டு மூன்று முறை பற்றாமல் போகலாம். சற்று இடைவெளி விட்டு மறுபடி முயலுங்கள். சுடர் நீலமாக நிற்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள். கணக்கிட்டுப் பார்த்தால், தண்ணீரின் சூட்டை 25 டிகிரி கூட்ட நிமிடத்துக்குச் சுமார் 16 கிராம் வாயு செலவாகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீர் என்றால் எல்லாரும் ஃப்ளூரைடைத்தான் சொல்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் அதுவே காரணம். ஆனால் கீசரின் செம்புக் குழாயை அடைப்பது போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு உப்பு. மாதம் ஒருமுறை சல்லடையைக் கழற்றுகிறேன். முட்டை ஓட்டுச் சில்லுபோல் வெள்ளைத் துண்டுகள் உள்ளங்கையில் உதிர்கின்றன.