டைமிங் பெல்ட் மாற்றியபின் கம்ப்ரஷன் குறைகிறதா? ஹெட்டைக் கழற்றச் சொல்லும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிஸ்டன்களை ஓட்டும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் ஒத்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய கையோடு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கிறது, அல்லது ஸ்டார்ட் ஆகியும் இழுவை இல்லாமல் முக்குகிறது. கேஜ் போட்டுப் பார்த்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அழுத்தம், குறைவு. உடனே "ரிங் போயிடுச்சுங்க, எஞ்சின இறக்கணும்" என்று தீர்ப்பு வந்துவிடும். பெங்களூரில் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெல்ட் மாற்றுகிறவர்கள் நிறைய பேர். நேரம் இல்லாத பதற்றத்தில் அந்தத் தீர்ப்புக்குத் தலையாட்டிவிடுவதுதான் முதல் தவறு.

பிஸ்டன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) தேய வருடக்கணக்கில் ஆகும். நேற்று வரை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் நன்றாக ஓடிய காரின் ரிங், பெல்ட் மாற்றிய மத்தியானத்தில் தேய்ந்துபோகாது. பெல்ட்டைத் தொட்டபிறகு கம்ப்ரஷன் இறங்கினால், பெல்ட் வேலையில் எது மாறியது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பெல்ட்டை ஏன் மாற்றினீர்கள்? கிலோமீட்டர் கணக்குக்காக மாற்றியதா, ஓட்டத்தில் அறுந்ததால் மாற்றியதா? இரண்டும் வேறு வேறு கதை. பிஸ்டனும் திறந்த வால்வும் ஒரே இடத்துக்கு வந்து போகிற வடிவமைப்பில், பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பெல்ட் வைத்த டீசல் எஞ்சின்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ரகம். ரெனோ டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலோ ஃபோக்ஸ்வாகன் போலோவின் டிடிஐ டீசலோ ஓட்டத்தில் பெல்ட் அறுந்து நின்றிருந்தால், புது பெல்ட்டை மாட்டி செல்ஃப் அடித்துப் பார்ப்பது வீண்வேலை. பழைய வண்டியை வாங்கியவர்கள், கேரேஜ் கைமாறியவர்கள் இந்த விவரத்தை மெக்கானிக்கிடம் சொல்லாமல் விடுவதால் பாதி நாள் வீணாகிறது.

சரி, பெல்ட் அறுந்துபோகவில்லை, முறைப்படிதான் மாற்றினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து சந்தேகப்பட வேண்டியது கேஜ் காட்டும் எண்ணை. பெட்ரோல் எஞ்சினில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, பெட்ரோலும் இக்னிஷனும் வராமல் நிறுத்தி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு நேரம் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். த்ராட்டில் மூடியிருந்தால் எஞ்சினுக்குக் காற்றே போகாது; நல்ல எஞ்சினும் நோயாளி மாதிரி காட்டும். காலையிலிருந்து செல்ஃப் அடித்து அடித்து பேட்டரி சோர்ந்திருந்தாலும் அப்படித்தான். போதாததற்கு, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும், ரிங் சீல் ஆகாது, எண் இன்னும் இறங்கும். அதைப் பார்த்து "ரிங் போச்சு" என்று சொல்வது சுலபம். ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயிலை பிளக் துளையில் விட்டு மறுபடி பார்த்தால், கழுவப்பட்ட சிலிண்டரில் எண் ஏறும். ரிங் நிஜமாகவே தேய்ந்திருந்தாலும் ஏறும், அதனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஏறவே இல்லையென்றால் கசிவு வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பு) இருக்கலாம். பெல்ட்டை ஒரு பல் தவறி மாட்டி, கேம் தாண்டி நின்றாலும் பெரிதாக ஏறாது. டீசலில் இந்த ஆயில் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். டீசலுக்குக் கேஜும் வேறு. பெட்ரோல் கேஜ் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

பெங்களூருக்கென்றே ஒரு விஷயம் உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 170 பிஎஸ்ஐ காட்டும் எஞ்சின் இங்கே 150-ஐ ஒட்டித்தான் காட்டும். கையேட்டில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு இருபது குறைகிறதே என்று பதறுவதில் அர்த்தம் இல்லை.

எண்ணை விட முக்கியம், சிலிண்டர்களுக்கு நடுவே அது எப்படி விழுந்திருக்கிறது என்பது. இதைப் பார்க்காமல் ஒரே ஒரு சிலிண்டரைச் சோதித்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறவர்கள் நிறைய. நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்திருந்தால், கேம் தாமதமாகச் சுற்றுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு சாதாரணமாகவே பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே கிளம்பிய பிறகுதான் மூடும். கேம் ஒரு பல் பிந்தினால் அது இன்னும் தாமதமாக மூடும். உள்ளே இழுத்த காற்றில் ஒரு பங்கை பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு சிலிண்டரோ இரண்டோ மட்டும் பூஜ்ஜியத்துக்குப் பக்கம், மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால் வளைந்த வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கேம் ஒரு பல் முந்திப் போயிருந்தால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், கேஜ் எண் வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடவே காட்டலாம். ஆகவே "கம்ப்ரஷன் நல்லா இருக்கு, அப்போ மார்க் சரிதான்" என்ற வாதம் நிற்காது.

மார்க்கில், அதாவது பெல்ட் மாட்டும்போது கிராங்கையும் கேமையும் நேர்வைக்கும் அடையாளக் கோடுகளில், நடக்கும் தவறுகள்தான் இந்த விஷயத்தின் மையம். கிராங்க் புல்லியின் வெளி விளிம்பில் இருக்கும் கோட்டை நம்பி டைமிங் வைப்பது ஒன்று. அந்தப் புல்லியில் நடுவே ரப்பர் உண்டு; ரப்பர் பிரிந்தால் வெளி வளையம் நகர்ந்துவிடும், கோடு பொய் சொல்லும். உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் மார்க்கைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் பொய் சொல்லக்கூடும்: கிராங்க் போல்ட் சரியான டார்க்கில் (இறுக்க அளவில்) இறுகாமல் ஓடியிருந்தால் உள்ளிருக்கும் சாவி (பல்சக்கரத்தை கிராங்க் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) நசுங்கியோ அறுந்தோ இருக்கும். மார்க் சரியாக நிற்கும், கிராங்க் வேறு இடத்தில் நிற்கும். சந்தேகம் வந்தால் முதல் சிலிண்டரின் பிளக் துளையில் ஒரு நீளக் குச்சியை விட்டு, பிஸ்டன் நிஜமாகவே உச்சியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில எஞ்சின்களில் சாவியே கிடையாது, பூட்டு பின் போட்டுத்தான் வைக்க வேண்டும். அவற்றில் கண்ணால் பார்த்து வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது.

அப்புறம் தளர்வு. பெல்ட்டின் தொய்வு முழுக்க டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் உருளை) பக்கம்தான் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தொய்வு இருந்துவிட்டால், டென்ஷனரை விட்டதும் கேம் ஒரு பல் நகர்ந்துவிடும். மாட்டும்போது மார்க் எல்லாம் நேர்கோட்டில் இருந்ததே என்று பிறகு சத்தியம் செய்வதில் பயன் இல்லை. அதனால்தான் மாட்டியபிறகு ஸ்பானர் போட்டு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி மார்க் பார்க்கச் சொல்கிறார்கள். கேம் ஒரு முறை சுற்ற கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். சுற்றும்போது எங்காவது முட்டி நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அது வால்வாக இருக்கலாம். செல்ஃப் அடித்துத் தாண்டிப் பார்க்கிறேன் என்பவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெல்ட்டின் மேலேயே போட்டிருக்கும் வெள்ளைக் கோடுகள் மாட்டுவதற்கு மட்டும்தான். இரண்டு சுற்றுக்குப் பிறகு அவை மார்க்கோடு பொருந்தாமல் போவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து சரியாக வைத்த பெல்ட்டைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியவர்களும் உண்டு.

பெங்களூரின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜே.சி. ரோட்டில் பெல்ட் வாங்கினால் பழையதையும் கையில் கொண்டு போய், பல்லை எண்ணி, பல்லின் வடிவத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

பெல்ட்டோடு சேர்த்து கேம் சீல் மாற்றுகிறேன் என்று கேமைக் கழற்றி மாட்டியிருந்தால், ஹைட்ராலிக் டேப்பெட் (ஆயிலால் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் பாகம்) உள்ள எஞ்சினில் டேப்பெட்கள் உப்பி வால்வை லேசாகத் திறந்தே பிடித்துக்கொள்ளலாம். அப்போதும் கம்ப்ரஷன் குறையும். கேமை மாட்டியபின் கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் ஆயில் கசிந்து அவை அடங்கும். ஷிம் (மெல்லிய தகடு) அல்லது ஸ்க்ரூ வைத்து இடைவெளி வைக்கும் எஞ்சினாக இருந்தால் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எழவில்லை என்றால் லீக் சோதனை. பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, எஞ்சின் சுற்றாமல் பிடித்து, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட். இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பத்து நிமிட வேலைக்குச் சலித்துக்கொள்பவரிடம் ஹெட் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

வால்வு என்று உறுதியானால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். அப்போது வளைந்த ஒன்றிரண்டை மட்டும் மாற்றி மிச்சம் பிடிக்காதீர்கள். மற்ற வால்வுகளையும் சோதித்து, வால்வு கைடில் (வால்வுத் தண்டு நகரும் குழாய்) விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பிஸ்டன் தலையில் விழுந்த அடியின் தடத்தையும் பாருங்கள். ஒரு முறை நீட்டி இறுக்கும் வகை ஹெட் போல்ட் என்றால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஹெட் லேத் பட்டறையிலிருந்து வந்ததும், மாட்டுவதற்கு முன்னால், தலைகீழாகப் போட்டு பிளக்கை மாட்டி ஒவ்வொரு அறையிலும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி வையுங்கள், பக்கத்தில் பீடி பற்றவைப்பவர் யாரும் இல்லாமல். போர்ட் (ஹெட்டில் காற்று போய்வரும் துளை) வழியாக ஒழுகினால் அந்த வால்வு இன்னும் உட்காரவில்லை, லேத்துக்கே திருப்பி அனுப்புங்கள்.