கோப்பு ஏன் தங்குகிறது, அதை நகர்த்துவது எப்படி

அலுவலகங்களில் பெரும்பாலான கோரிக்கைகள் மறுக்கப்படுவதில்லை, தங்கிவிடுகின்றன. இந்தத் தேக்கத்தைச் சோம்பலென்றோ பகையென்றோ எடுத்துக்கொள்பவர் தவறான இடத்தில் போராடிக் களைத்துப்போகிறார். ஒப்புதல் அளித்துக் கையொப்பமிடுபவர் பின்னாளில் தணிக்கையிலோ விசாரணையிலோ அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முடிவெடுக்காமல் வைத்திருப்பவரிடம் பொதுவாக யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆகவே, கையொப்பமிடுபவருக்கு ‘சரி’ என்று எழுதுவது பாதுகாப்பானதாக இருக்கும்படி செய்வதே கோரிக்கை வைப்பவரின் முதல் வேலை.

விதிகளின் மீது வெறுப்பு கொள்வதால் பயனில்லை. எழுத்துப்பூர்வமான விதிகள், வரையறுக்கப்பட்ட அதிகார எல்லை, ஆவணப் பதிவு ஆகியவற்றை நவீன நிர்வாகத்தின் அடிப்படைக் கூறுகளாக ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் (1864–1920) விவரித்தார்; தனிமனிதரின் விருப்பு வெறுப்புக்கு ஏற்ப முடிவுகள் மாறாமல் இருக்க இவை தேவைப்படுகின்றன. ஆனால் இலக்கை அடைவதற்காக ஏற்பட்ட விதி, காலப்போக்கில் தானே இலக்காகிவிடும் ஆபத்தும் உண்டு என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940இல் சுட்டிக்காட்டினார். உங்கள் கோரிக்கை எந்த வகை விதியில் சிக்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் தானே விளங்கும்.

இதற்கு விதியின் மூல வாசகத்தையே படிக்க வேண்டும். ‘இங்கே இப்படித்தான் வழக்கம்’ என்று சொல்லப்படுபவற்றில் கணிசமானவை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத பழக்கங்களாகவோ, நீக்கப்பட்ட விதியின் எச்சங்களாகவோ இருக்கும். யாருக்கு எந்தத் தொகை வரை ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் உண்டு என்று கூறும் ஆணையைத் தேடிப் படித்தால், தேவையற்ற இரண்டொரு மேசைகளைத் தவிர்க்க முடியலாம். கேட்கும் தொனியிலும் கவனம் வேண்டும். ‘எந்த விதியில் இருக்கிறது?’ என்ற கேள்வி சவாலாக ஒலிக்கும். ‘விதியின்படியே சரியாகச் சமர்ப்பிக்க விரும்புகிறேன், அதன் பிரதி கிடைக்குமா?’ என்ற கேள்வி உதவியைப் பெற்றுத்தரும். கோப்பு உண்மையில் எந்த வரிசையில் செல்கிறது, எங்கே வழக்கமாகத் தங்குகிறது என்பதை அன்றாடம் அதைக் கையாளும் பிரிவு எழுத்தர்கள் மேலதிகாரிகளைவிட நன்றாக அறிந்திருப்பார்கள். அவர்களை மதித்துக் கேட்பதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் கிடையாது.

கோரிக்கைக் குறிப்பை எழுதுவதில்தான் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பலர் பின்னணியை விரிவாக எழுதிவிட்டு, வேண்டியதைக் கடைசிப் பத்தியில் ஒளித்துவைக்கிறார்கள். நாள் முழுவதும் கோப்பு பார்க்கும் அதிகாரி அதுவரை படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. முதல் வாக்கியத்திலேயே என்ன முடிவு வேண்டும், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள் என்பது வந்துவிட வேண்டும். அதைத் தொடர்ந்து, இடம்கொடுக்கும் விதியின் எண், செலவு எந்தத் தலைப்பில் அடங்கும், அதில் எவ்வளவு மீதி இருக்கிறது, இதே போன்ற கோரிக்கைக்கு முன்பு எப்போது ஒப்புதல் தரப்பட்டது, தாமதித்தால் எந்த வேலை நிற்கும் என்பவற்றைச் சொல்ல வேண்டும். கணினி மாற்றுவதற்கான குறிப்பு இப்படி அமையலாம்:

‘கணக்குப் பிரிவில் பழுதடைந்த இரண்டு கணினிகளை மாற்றுவதற்கு, கொள்முதல் விதியின் இன்ன பிரிவின்படி, தங்கள் ஒப்புதலை இம்மாதம் 20ஆம் தேதிக்குள் வேண்டுகிறேன். செலவு இவ்வாண்டு ஒதுக்கீட்டுக்குள் அடங்குகிறது என்று நிதிப் பிரிவு உறுதிசெய்துள்ளது (இணைப்பு 1). மூன்று விலைப்புள்ளிகளும் ஒப்பீட்டு அட்டவணையும் இணைப்பு 2இல் உள்ளன. பழுது சீர்செய்ய இயலாதது என்ற தொழில்நுட்பச் சான்று இணைப்பு 3இல் உள்ளது.’

இந்தக் குறிப்பைப் படிப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு இணைப்புகளே பதில் சொல்லிவிடுகின்றன; நாளை தணிக்கை வந்தால் அவர் காட்ட வேண்டிய ஆதாரங்களும் அதே கோப்பில் இருக்கின்றன. முறைப்படி சமர்ப்பிப்பதற்கு முன் வரைவை, அதைப் பரிசீலிக்கப்போகிறவரிடம் காட்டித் திருத்தம் கேட்பது இன்னும் நல்லது. தாம் சொன்ன திருத்தத்தை ஏற்று வந்த குறிப்பைத் திருப்பி அனுப்ப எவருக்கும் காரணம் எளிதில் கிடைக்காது.

சமர்ப்பித்த பிறகு, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, அவருக்கு என்ன தேவை என்ற இரண்டை மட்டும் அவ்வப்போது தெரிந்துகொண்டால் போதும். வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை அன்றே சிறு மின்னஞ்சலாக எழுதி, ‘நான் புரிந்துகொண்டது சரிதானா?’ என்று கேட்டு அனுப்பிவிட வேண்டும். பொறுப்பில் இருப்பவர் மாற்றலாகிப் போனாலும் அந்தப் பதிவு நிலைக்கும். நினைவூட்டலில் குற்றச்சாட்டு வேண்டாம், தேதியும் வேண்டிய செயலும் இருக்கட்டும். மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், உரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் செய்தால் இந்தக் கோப்பு நகரலாம், அடுத்த கோப்புகள் நகரா. பதில் வராததையே சம்மதமாகக் கொண்டு வேலையைத் தொடங்குவது, விதியே அப்படிக் கூறினாலன்றி, கூடாது.

சில குறுக்குவழிகளை எந்த அவசரத்திலும் எடுக்கக்கூடாது. ஒப்புதல் வரம்புக்குள் கொண்டுவருவதற்காக ஒரே கொள்முதலைப் பல சிறு கொள்முதல்களாகப் பிரிப்பது, கடந்துபோன தேதியை இடுவது, பிறருக்காகக் கையொப்பமிடுவது ஆகிய மூன்றும் தணிக்கையாளர்கள் தேடும் குறைபாடுகள்.

விதியே தவறாக இருந்தால், அதை ஒரேயடியாகத் தூக்கியெறியச் சொல்வதை விட, அது எந்தப் பிரச்சினைக்காக வந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். அந்தப் பிரச்சினை இன்னும் இருந்தால், அதே பாதுகாப்பைக் குறைந்த படிகளில் தரும் மாற்று முறையை, ஒரு பிரிவில் சில மாதங்கள் சோதித்துப் பார்க்கும்படி முன்மொழியலாம். எத்தனை நாள் எந்த மேசையில் கழிந்தது என்ற பதிவு கையில் இருந்தால் அந்த முன்மொழிவுக்கு வலிமை கூடும். இதற்கு ஒரு குழு அமைப்போம் என்ற பதில் வந்தால், குழுவின் அதிகாரத்தையும் அது முடிவு சொல்ல வேண்டிய தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். 1944இல் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., எதிரித் தரப்பின் வேலைகளை முடக்குவதற்கென்று தயாரித்த கையேட்டில், எல்லா விஷயங்களையும் பெரிய குழுக்களின் ஆய்வுக்கு அனுப்புவதை ஒரு வழியாகவே பரிந்துரைத்திருந்தது.

கோரிக்கை வைப்பவர் பல சமயங்களில் இன்னொருவரின் கோப்பைப் பரிசீலிப்பவராகவும் இருக்கிறார். அந்த மேசையில் அமரும்போது, குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பலமுறை திருப்பி அனுப்பாமல், முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் படித்து, எல்லாக் குறைகளையும் விதி எண்களோடு ஒரே குறிப்பில் எழுதி, அவை சரிசெய்யப்பட்டால் ஒப்புதலுக்குப் பரிந்துரைப்பேன் என்றும் சேர்த்து எழுதி அனுப்ப வேண்டும்.