தமிழில் தடைச்சொல் பட்டியல் போடுவது எப்படி?

சமூக ஊடகப் பக்கத்தின் கமெண்டுகளில் வசவை வடிகட்டத் தடைச்சொல் பட்டியல் போட்ட மறுநாளே அதே வசவு அங்கே வந்து நிற்கும். காரணம், தமிழ்ச்சொல் உருபு ஏற்றதும் மாறிவிடும். 'நாய்' என்று மட்டும் கொடுத்தால் 'நாயே' தப்பிவிடும். யகரத்தின் புள்ளி போய்விட்டதல்லவா? புள்ளியை எடுத்து 'நாய' என்று கொடுத்தாலோ 'விநாயகர்', 'ஜனநாயகம்', 'நாயகி' எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

வசவு பெரும்பாலும் விளியில்தான், அதாவது ஒருவரை அழைக்கும் வடிவில்தான், வரும். நாய்க்குத் தடுப்பூசி போடுவது பற்றி எழுதுபவர் 'நாயே' என்று எழுதமாட்டார். ஆகவே நாயே, நாய்களா, நாய்ப்பயலே என்று விளி வடிவங்களை முழுச்சொல்லாகக் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாது. 'பொ' என்ற எழுத்தை யூனிகோடில் (கணினியின் எழுத்துக் குறியீட்டு முறை) இரண்டு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே, வடிகட்டிக்கு வெவ்வேறு. சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் ஒப்பிடும் முன், இப்படிப் பிரிந்து கிடப்பதை ஒன்றாக்கும் என்எஃப்சி (NFC) என்ற யூனிகோடு முறையில் சீராக்கி, திரையில் தெரியாத அகலமில்லாக் குறிகளை நீக்க வேண்டும். (ஒப்பிடும் நகலில் மட்டும், மூலப் பதிவைத் தொடக்கூடாது.) 'க'வுக்குப் பதில் ௧, 'எ'வுக்குப் பதில் ௭ என்று தமிழ் எண்ணைப் போட்டு ஏமாற்றுவதை என்எஃப்சி பிடிக்காது; அதற்குத் தனி மாற்று அட்டவணை வேண்டும். தளத்தின் வடிகட்டியை மட்டும் நம்பியிருப்பவர்கள் வசவைத் தட்டச்சு செய்யாமல், வந்த கமெண்டிலிருந்தே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுங்கள். ஒளிந்திருக்கும் குறியும் சேர்ந்தே வரும்.

பட்டியல் தயாரானதும், ஏற்கெனவே அனுமதித்த 500 பதிவுகளில் ஓட்டிப் பாருங்கள். நல்ல பதிவு சிக்கினால் எந்தச் சொல் இழுத்தது என்று கண்டு திருத்துங்கள்.

மிரட்டல் வந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், இணைப்பு, நேரம் மூன்றையும் சேமித்துவிட்டுப் புகாரளித்து நீக்குங்கள். ஃபேஸ்புக்கில் கமெண்டை மறைத்தால் போதாது. எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும்.

வடிகட்டி சிக்கவைத்ததைத் தானாக அழிக்கும்படி மட்டும் வைக்காதீர்கள். 'என்னை இப்படித் திட்டினான்' என்று முறையிடும் பெண்ணின் பதிவிலும் அதே வசவுதான் இருக்கும். அவருடைய பதிவு அழிந்து, திட்டியவன் வேறு எழுத்தில் நழுவிப் போனால் அது பெரிய அநியாயம். எல்லாவற்றையும் 'பரிசீலனைக்கு நிறுத்து' என்பதில் போட்டு, முறையீடு போலத் தெரிவதை முதலில் திறந்து படியுங்கள்.