மண்டிக் கணக்கு ஃபாக்ஸ்புரோவில் இருந்தால்: எதுவரை ஓட்டலாம், எப்படி மாற்றலாம்

மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று இந்தக் கரையில் உங்கள் மீன் கமிஷன் மண்டியிலோ ஐஸ் கம்பெனியிலோ கணக்கு இன்னும் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மொழியில் எழுதிய புரோகிராமில் ஓடுகிறதா? "இந்த மொழிக்கு எதிர்காலம் உண்டா" என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். புரோகிராம் டாஸ் காலத்ததா விண்டோஸ் காலத்ததா? சோர்ஸ் கோடு, அதாவது புரோகிராமர் எழுதிய மூல வரிகள், கையில் இருக்கிறதா? டேட்டா ஃபைல்கள் பழுதில்லாமல் இருக்கின்றனவா? பதில் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

வயசை வைத்து ஒரு மொழியை ஒதுக்க முடியாது. ஃபோர்ட்ரான் 1957-ல் வந்தது, அதற்கு 2023-லும் புதிய ஐஎஸ்ஓ தரம் வெளியானது. இன்று எல்லோரும் படிக்கிற பைதான் 1991-ல் வந்தது, ஃபாக்ஸ்புரோவின் விண்டோஸ் காலத்து வடிவமான விஷுவல் ஃபாக்ஸ்புரோவோ 1995-ல்தான். ஃபாக்ஸ்புரோவுக்கு வந்த கேடு அது ஒரே கம்பெனியின் சொத்தாக இருந்தது. 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ் சாஃப்ட்வேரை வாங்கியது. கடைசிப் பதிப்பான 9 வந்தது 2004-ல். அடுத்தது கிடையாது என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரி 13-உடன் ஆதரவும் முடிந்தது. கம்பைலரை (சோர்ஸை ஓடும் புரோகிராமாக மாற்றும் கருவி) எடுத்து நடத்த வேறு யாருக்கும் உரிமை தரவில்லை. அப்படியிருந்தும் பதிப்பு 9-ல் எழுதிய 32-பிட் புரோகிராம் விண்டோஸ் 11-ல் சிக்கலில்லாமல் ஓடுகிறது.

முதலில் எந்த ரகம் என்று பாருங்கள்

புரோகிராம் ஃபோல்டரைத் திறந்தால் டிபிஎஃப், சிடிஎக்ஸ், எஃப்பிடி என்று முடியும் ஃபைல்கள் தெரியும்: டேபிள், இண்டெக்ஸ் (தேடல் வரிசை), மெமோ (நீளமான குறிப்புகள்). சிடிஎக்ஸுக்குப் பதில் என்டிஎக்ஸ் இருந்தால் அது பெரும்பாலும் கிளிப்பர் என்ற வேறொரு பழைய மொழி. அதற்கு ஹார்பர் என்ற திறந்த மூலக் கம்பைலர் இருக்கிறது, அது தனிப் பாதை. பிஆர்ஜி, எஸ்சிஎக்ஸ் ஃபைல்கள் இருந்தால் சோர்ஸ் கையில் உண்டு. எக்ஸ்இ மட்டும்தான் இருக்கிறது, எழுதியவரையும் பிடிக்க முடியவில்லை என்றால் ரீஃபாக்ஸ் என்ற டிகம்பைலர் எக்ஸ்இயிலிருந்து பெரும்பாலான கோடை மீட்டுத்தரும். உங்கள் காசில் உங்களுக்காக எழுதிய புரோகிராமுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

கறுப்பு அல்லது நீலத் திரையில் எழுத்து மட்டும் தெரிந்தால் அது டாஸ் ஃபாக்ஸ்புரோ, பெரும்பாலும் 2.6. அது 64-பிட் விண்டோஸில் நேராக ஓடாது, விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. 32-பிட் விண்டோஸ் 10-ஐ நம்பிப் பழைய கணினியைக் காப்பாற்றி வருகிறவர்களுக்கும் அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இடைக்கால வழி விடாஸ் என்ற மென்பொருள். டாஸ் புரோகிராமை அதற்குள் ஓட்டினால் விண்டோஸில் சேர்த்த எந்தப் பிரிண்டருக்கும் பில் போகும். இது மாற்று வேலை முடிகிறவரை தாங்கும் முட்டு மட்டும்தான்.

எங்கள் தீர்ப்பு இது. பதிப்பு 9, சோர்ஸ் கையில், ஒரே ஒரு கடை, ஃபைல் அளவு சில நூறு எம்பி என்றால் அவசரம் வேண்டாம், இன்னும் சில வருஷம் ஓட்டலாம். ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது, அந்த எல்லையை மட்டும் மறக்காதீர்கள். டாஸ் என்றாலோ சோர்ஸ் இல்லை என்றாலோ இந்த வருஷமே மாற்றத் தொடங்குங்கள். மொபைலில் படகுக்காரருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும், தமிழை யூனிகோடில் அச்சடிக்க வேண்டும் என்றாலும் மாற்றம்தான் வழி. ஃபாக்ஸ்புரோவுக்கு யூனிகோடு தெரியாது.

ஓட்டுவதென்றால் ஒழுங்காக ஓட்டுங்கள்

புரோகிராமை "புரோகிராம் ஃபைல்ஸ்" ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். அங்கே எழுத அனுமதி இல்லாததால் விண்டோஸ் அந்த எழுத்தை ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியான ஒரு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். காலையில் ஒருவர் போட்ட பில் மாலையில் வேறு பெயரில் லாகின் செய்தவருக்குத் தெரியாது. கணக்குப்பிள்ளைகள் இருவர் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட இதுவே போதும். சி டிரைவின் வேரில் தனி ஃபோல்டர் போட்டு, எழுத அனுமதி கொடுத்து, ஆன்டிவைரஸ் சோதனையிலிருந்து அதை விலக்குங்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் தானாகச் சிங்க் செய்யும் ஃபோல்டரிலும் வைக்கக் கூடாது. சிங்க் ஃபைலைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில் பில் போட்டால் இண்டெக்ஸ் கெடும்.

இரண்டு மூன்று கணினி ஒரே டேட்டாவைப் பயன்படுத்தினால் வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள். கடலோரத்தில் உப்புக்காற்று நெட்வொர்க் ஜாக்கின் கம்பிகளில் களிம்பு ஏற்றும். இணைப்பு அரை விநாடி அறுந்தாலும் ஃபாக்ஸ்புரோவுக்கு அது பாதி எழுதிய ரெக்கார்டு. ஏலக் கூடத்தை ஒட்டிய மேஜையில் இருக்கும் ஜாக்கை மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். சர்வரோடு நெட்வொர்க் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பலர் சுவிட்சை விட்டுவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் போட்ட பதிவு மற்றவருக்குத் தாமதமாகத் தெரிந்தால் அது விண்டோஸ் பகிர்வின் கேஷ், அதாவது தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் பழைய தகவல். விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் லான்மேன்வொர்க்ஸ்டேஷன் பகுதியில் பேராமீட்டர்ஸின் கீழ் டைரக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், ஃபைல்நாட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம் ஆகிய மூன்றையும் 0 ஆக்குங்கள். இதைச் செய்ய வேண்டியது டேட்டாவைப் பயன்படுத்தும் கணினிகளில்.

ஃபைல் கெட்டதா என்று கணக்குப் போட்டே சொல்லலாம்

எதைத் தொடுமுன்பும் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, முழு ஃபோல்டரையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுங்கள். டிபிஎஃப் மட்டும் நகலெடுத்து எஃப்பிடியை விட்டால் மெமோ ஃபைல் இல்லை என்று டேபிள் திறக்கவே மறுக்கும்.

நகலை ஹெக்ஸ் எடிட்டரில் (ஃபைலின் பைட்டுகளை அப்படியே காட்டும் கருவி) திறந்து பாருங்கள். 0-விலிருந்து எண்ணினால் 4 முதல் 7 வரையிலான பைட்டுகளில் ரெக்கார்டு எண்ணிக்கையும், 8-9-ல் ஹெடர் நீளமும், 10-11-ல் ஒரு ரெக்கார்டின் நீளமும் இருக்கும். மூன்றுமே சிறிய பைட் முதலில் வரும் முறையில் எழுதப்பட்டவை.

12 புலம் உள்ள விஷுவல் ஃபாக்ஸ்புரோ பில் டேபிள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹெடர் 680, ரெக்கார்டு நீளம் 96, எண்ணிக்கை 41,200. 41,200 × 96 + 680 = 39,55,880. கடைசியில் ஒரு முடிவுக்குறி பைட், ஆக 39,55,881 இருக்க வேண்டும். டிஸ்க்கில் ஃபைல் 39,56,169 என்று காட்டினால் 288 பைட் கூடுதல், அதாவது சரியாக மூன்று ரெக்கார்டு. கரண்ட் போன நேரத்தில் மூன்று பில் எழுதப்பட்டும் ஹெடரில் எண்ணிக்கை ஏறவில்லை. பதிப்பு 8, 9 இந்த நிலையில் டேபிள் கெட்டுவிட்டது என்று திறக்க மறுக்கும். பழைய பதிப்புகள் அந்த மூன்று பில்லையும் சத்தமில்லாமல் மறைத்துவிடும். 4-ஆம் பைட்டில் எஃப்0 என்றிருப்பதை எஃப்3 என்று மாற்றினால் எண்ணிக்கை 41,203 ஆகி மூன்றும் திரும்ப வரும். ஃபைல் சிறியதாக இருந்தாலோ, வித்தியாசம் ரெக்கார்டு நீளத்தால் சரியாக வகுபடாவிட்டாலோ இந்த வைத்தியம் கூடாது. பேக்கப்புக்குப் போங்கள்.

பிறகு சிடிஎக்ஸ். ரீஇண்டெக்ஸ் கட்டளை பழைய இண்டெக்ஸில் உள்ள விவரத்தை வைத்தே திரும்பக் கட்டும், அந்த விவரமே கெட்டிருந்தால் பயனில்லை. இண்டெக்ஸ் விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்து, கெடும்போது அழித்துப் புதிதாகக் கட்டுவதுதான் நம்பகமானது. பேக் கட்டளை நீக்கக் குறியிட்ட ரெக்கார்டுகளை நிரந்தரமாக அழிக்கும். நகல் இல்லாமல் அதை ஓட்டக் கூடாது.

மாற்றும்போது எங்கே வழுக்கும்

டேட்டாவை வெளியே எடுக்க சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) நகலெடுப்பது சுலபம், ஆனால் மெமோ புலங்கள் அதில் வராது. படகு அட்வான்ஸ் பற்றிய குறிப்புகள் மெமோவில் இருந்தால் மொத்தமும் போச்சு. பைதானில் டிபிஎஃப்ரீட் என்ற நூலகம் மெமோவையும் சேர்த்துப் படிக்கும். சிஎஸ்விதான் என்றால் முதலில் செட் டெலிட்டட் ஆன், செட் செஞ்சுரி ஆன், செட் டேட் ஒய்எம்டி மூன்றையும் கொடுங்கள். இல்லாவிட்டால் ரத்தான பில் உயிர்பெறும், வருஷம் இரண்டு இலக்கமாகும். சிஎஸ்வியை எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமித்தால் 0045 என்ற பார்ட்டி கோடு 45 ஆகிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் பாமினி, வானவில் போன்ற 8-பிட் எழுத்துருவில் இருக்கும். புலம் புலமாக மாற்றுங்கள். பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருப்பதால், ஆங்கிலத்தில் அடித்த எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெயரையும் சேர்த்து ஓட்டினால் அர்த்தமில்லாத தமிழ் கிடைக்கும்.

புரோகிராமின் தர்க்கத்தில் இரண்டு கண்ணி உண்டு. முதலாவது ரவுண்டிங். ஃபாக்ஸ்புரோவில் 2.5 எப்போதும் 3 ஆகும். பைதானின் ரவுண்டில் அது 2, சி ஷார்ப்பிலும் எதுவும் சொல்லாவிட்டால் 2. கமிஷனை முழு ரூபாயாக்கும் மண்டியில் சங்காயம் லாட்டு முதல் கணவாய் லாட்டு வரை அங்கங்கே ஒரு ரூபாய் குறையும், மாதக் கடைசியில் பேரேடு ஒட்டாது. பணத்தை டெசிமல் வகையில் வைத்து, பாதி வந்தால் மேலே என்று விதியை வெளிப்படையாக எழுதுங்கள். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் நியூமெரிக் வகையின் ரவுண்ட் ஃபாக்ஸ்புரோவோடு ஒத்துப்போகும்.

இரண்டாவது எழுத்து ஒப்பீடு. செட் எக்ஸாக்ட் ஆஃப் என்பதுதான் இயல்பு நிலை. அப்போது "1127" என்ற படகு எண்ணை "112"-உடன் ஒப்பிட்டால் சமம் என்றே ஃபாக்ஸ்புரோ சொல்லும், வலப்பக்க எழுத்து முடிந்ததும் நிறுத்திவிடுவதால். தேடல் திரைகள் இதை நம்பியே எழுதப்பட்டிருக்கும், புதிய புரோகிராமில் அங்கே முன்னொட்டுத் தேடல் வேண்டும். டீசல் பற்று வரவு வைக்கும் இடத்திலோ முழுப் பொருத்தம் வேண்டும். பழைய கோடில் ஒவ்வொரு சமக்குறியையும் பார்த்து இது எந்த வகை என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்று வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான், விலை பேசும்போது இதைச் சேர்த்தே பேசுங்கள்.

எப்போது மாற்றுவது

கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடையில் புதிதாக எழுதத் தொடங்கி ஜூன் 15-ல் திறப்பது தப்புக் கணக்கு, தடை முடிந்த வாரம்தான் வரத்து அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, தினமும் மூன்று தொகைகளை ஒப்பிடுங்கள்: மொத்த ஏலத் தொகை, கமிஷன், ஒவ்வொரு படகின் அட்வான்ஸ் பாக்கி. மூன்றும் தொடர்ந்து ஒட்டிய பிறகு தடைக்காலத்தில் கடைசி டேட்டாவை ஏற்றுங்கள். அந்த நாட்களிலும் நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதைப் புதிய புரோகிராமில் மட்டும் போட்டுப் பழகலாம். தொடக்க பாக்கியை அச்சடித்துப் படகு உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் ஜூன் 14-க்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பழைய ஃபோல்டரை அழிக்காமல், படிக்க மட்டும் என்ற அனுமதியில் ஒரு கணினியிலும் ஒரு வெளி டிஸ்க்கிலும் வையுங்கள். எக்செலில் இருந்து அதைப் பார்க்க ஓடிபிசி டிரைவர் (டேட்டாபேஸை மற்ற மென்பொருளோடு இணைக்கும் இடைக்கருவி) தேவைப்பட்டால், அது 32-பிட் மட்டுமே. 64-பிட் எக்செலுக்கு அது கண்ணில் படாது. லிப்ரே ஆபிஸ் கால்க்கில் டிபிஎஃப்பை நேராகவே திறக்கலாம்.