குளிர்காலத்தில் குழுவோடு மலைச்சாலைப் பயணம்: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

மிதிவண்டிக் கழகம் குளிர்காலத்தில் நடத்தும் மலைச்சாலைப் பயணத்திற்கு முதன்முறையாகப் பெயர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். ஆனால் ஏற்றம் உடலைச் சூடாக்கவே செய்யும். ஆளை உண்மையில் முடக்குவது, வியர்த்த உடலோடு இறங்கும் நீண்ட இறக்கமும், பின்னால் வருபவர்களுக்காக உச்சியில் காத்து நிற்கும் நேரமுமே ஆகும். எனவே கீழே உள்ள படிகள் பெரும்பாலும் உடலை நனையாமலும் குளிராமலும் காப்பதைப் பற்றியவை.

படி 1: பாதையை முன்கூட்டியே அறிதல்

தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், மொத்த ஏற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் பாதையில் 1,000 மீட்டர் ஏற்றம் இருந்தால், அது புதியவருக்குக் கடினமான பயணம். சாய்வு 10 விழுக்காடு என்றால், 100 மீட்டர் முன்னேறும்போது 10 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள் என்று பொருள். மேலும், உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதால், அடிவாரத்துக் குளிரை வைத்து உச்சியின் குளிரை மதிப்பிடக் கூடாது.

படி 2: வண்டியைத் தயார் செய்தல்

முன்பக்கச் சிறிய பல்சக்கரத்திலும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்திலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் பற்கள் இருப்பது, எடுத்துக்காட்டாக 34க்கு 34, ஏற்றத்தில் புதியவருக்கு மிகவும் உதவும். டயர் 28 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமாக இருக்கட்டும். ஈரச் சாலையில் பிடிப்புக் கிடைக்க வழக்கத்தை விடச் சற்றுக் குறைவாகக் காற்றடையுங்கள். முன்னும் பின்னும் விளக்குகள் வேண்டும். பின்சக்கரத்திற்கு நீண்ட மட்கார்டு பொருத்துவது உங்களுக்காக மட்டுமன்று, பின்னால் வருபவரின் முகத்தில் சேறு தெறிக்காமல் இருப்பதற்காகவும்தான். குழுவில் செல்பவருக்கு இதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

படி 3: உடையை அடுக்குதல்

ஒரே தடித்த ஆடையை விட மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை: வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் உள்ளாடை, வெப்பத்தைத் தக்கவைக்கும் நடு அடுக்கு, காற்றைத் தடுக்கும் மேலாடை. பருத்தி உள்ளாடையைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அது ஒருமுறை நனைந்தால் எளிதில் உலராது. புறப்படும்போது இலேசாகக் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால், முதல் மேட்டிலேயே வியர்த்துவிடும். கால்விரல்களின் குளிருக்கு இரண்டு காலுறைகளைத் திணிப்பது பலரும் செய்வது. ஆனால் காலணி இறுகி இரத்த ஓட்டம் குறைவதால், விரல்கள் முன்னை விட அதிகமாக மரத்துப் போகலாம். காலணிக்கு மேல் உறை அணிவதே நல்லது.

படி 4: குழுவில் செல்லுதல்

உங்கள் முன்சக்கரம், முன்னால் செல்பவரின் பின்சக்கரத்திற்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழையக் கூடாது. அவர் சற்றே விலகிச் சக்கரங்கள் உரசினாலும், விழுபவர் பெரும்பாலும் பின்னால் இருப்பவரே. ஈரச் சாலையில் ஒரு வண்டி நீளமாவது இடைவெளி விடுங்கள். பள்ளத்தையும் சரளைக் கற்களையும் கைகாட்டியோ குரல் கொடுத்தோ பின்னால் தெரிவியுங்கள். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும் கணத்தில் வண்டி சற்று வேகம் குறைந்து பின்னால் வருபவரை நெருங்கிவிடும் என்பதால், அழுத்தத்தைத் தளர்த்தாமல் மெல்ல எழுங்கள்.

படி 5: ஏறுதல்

மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, மேலாடையின் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். சிறு வாக்கியங்கள் பேச முடிகிற அளவுக்கே உழையுங்கள். மற்றவர்கள் முன்னேறிச் சென்றால் செல்லட்டும். ஒழுங்கான குழு உச்சியில் காத்திருக்கும், வரிசையின் கடைசியில் ஒருவர் துணைக்கு வருவார். தாகம் தெரியாவிட்டாலும் குடியுங்கள். நீண்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உடலுக்குத் தேவைப்படும் என்பதால், பசிக்கும் முன்பே உண்ணுங்கள்.

படி 6: உச்சியும் இறக்கமும்

உச்சியில் நின்றவுடன், உடல் சூடாக இருக்கும்போதே ஜிப்பை மூடி, கூடுதல் மேலாடையையும் உலர்ந்த கையுறையையும் அணியுங்கள். காற்றின் வெப்பநிலை 5 டிகிரியாக இருந்தாலும், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவரின் தோலுக்கு அது உறைநிலைக் குளிராகவே படும். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கும் நுட்பம் போய்விடும். ஆகவே கையுறையை நான் உணவை விடவும் முக்கியமாகக் கருதுகிறேன்.

சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் என்றால், ஈரத்தில் முதல் சில சுழற்சிகள் விளிம்பின் தண்ணீரை வழித்தெடுப்பதிலேயே கழிந்துவிடும். ஆதலால் இடையிடையே இலேசாகப் பிடித்து விளிம்பை உலர வைத்து, கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். நனைந்த சருகுகள், சாலைக் கோடுகள், இரும்பு மூடிகள் ஆகியவற்றின் மேல் திரும்பாதீர்கள். உறைபனி விழும் பகுதிகளில் நிழல் விழும் வளைவுகளையும் பாலங்களையும் சந்தேகத்தோடு அணுகுங்கள். மேலும் கீழும் காற்றுப் படுவதால் பாலத்தின் மீது பனி முந்தி உறையும். அதன் மேல் சென்றுவிட்டால் பிரேக் பிடிக்காமல், திருப்பாமல், நேராகக் கடந்துவிடுங்கள்.

படி 7: பஞ்சரும் பராமரிப்பும்

ஈரத்தில் கூர்கற்கள் டயரில் எளிதாக இறங்குவதால், இரண்டு டியூப்கள் கொண்டு செல்லுங்கள். புதிய டியூபைப் பொருத்துமுன் டயரின் உட்புறத்தைத் தடவி, குத்திய பொருளை எடுத்துவிடுங்கள். வீடு திரும்பியதும் முதலில் ஈர உடையை மாற்றுங்கள். பனி உருக உப்புத் தூவிய சாலை என்றால், அன்றே வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து உலர்த்தி எண்ணெய் இடுங்கள்.