‘கொஞ்ச நேரம் பார்ப்போம்’: பக்கவாதத்தில் நாம் தவறவிடும் மணிநேரங்கள்

பெரியப்பா அன்று காலை ஐந்தரை மணிக்கு வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து அடுப்படியில் வைத்தார். ஆறு மணிக்குக் காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. “ராத்திரி கையை மடக்கிப் படுத்துட்டேன் போல, மரத்துப் போச்சு” என்றார். சொல்லும்போதே வார்த்தை குழறியது. பெரியம்மா தைலம் தேய்த்துவிட்டு, “கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிடும்” என்றார். பத்து மணிக்கு எழுப்பியபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே இரண்டு மணி நேரம் வைத்திருந்தார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “இவர் கடைசியா நல்லா இருந்ததை எத்தனை மணிக்குப் பார்த்தீங்க?”

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி அடைத்துக்கொண்டு வருவது இஸ்கீமிக் ஸ்ட்ரோக். பக்கவாதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். குழாய் வெடித்து ரத்தம் கசிவது மற்றொரு வகை. அடைப்பு வகைக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. ஆனால் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் முந்தப் போடப்போடப் பலன் அதிகம். பெரிய குழாய் அடைபட்டவர்களில் சிலருக்குத் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே வெளியே எடுக்க முடியும். ஸ்கேனில் தகுதியானவர் என்று தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூட அதைச் செய்கிறார்கள். பெரியப்பாவுக்கு அடைபட்டது சிறிய குழாய். அவருடைய நாலரை மணி நேரம் பத்தரைக்கே முடிந்திருந்தது. அப்போது அவர் நர்சிங் ஹோமில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டில் யாரும் அலட்சியமானவர்கள் இல்லை. நெஞ்சு வலி என்றிருந்தால் அந்த நிமிடமே ஆட்டோ பிடித்திருப்பார்கள். பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை. மூளைத் திசுவுக்கு வலி உணரும் நரம்பே கிடையாது. நோயாளி துடிக்கவில்லை, “ஒண்ணுமில்லப்பா” என்று அவரே சொல்கிறார், நாமும் நம்பிவிடுகிறோம். பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும் என்பது மருத்துவக் கணக்கு. அத்தனையும் சத்தமில்லாமல் நடக்கும்.

அதனால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். சந்தேகம் வந்தால் அங்கேயே உட்கார வைத்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டி, கண்ணை மூடி, பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் கீழே இறங்குகிறதா? “இன்னைக்கு என்ன கிழமை, என்ன சாப்பிட்டீங்க” என்று கேளுங்கள். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? இவற்றில் ஒன்று திடீரென்று வந்திருந்தால் போதும், மூன்றும் சேர வேண்டியதில்லை. திடீரென்று ஒரு கண்ணிலோ ஒரு பக்கத்திலோ பார்வை மறைவது, நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது ஆகியவையும் இதே கணக்கில் வரும். இந்தத் தள்ளாட்டத்தைத்தான் நம் ஊரில் ‘பித்தம்’ என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் அறிகுறி, வந்துவிட்டுப் போய்விடுவது. பத்து நிமிடம் கை விளங்காமல் போகும், பிறகு பழையபடி ஆகிவிடும். “சரியாயிடுச்சு, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று நிம்மதியாகப் படுத்துவிடுவோம். கட்டி வந்து அடைத்து, தானாகக் கரைந்து விலகியிருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். அந்தக் கட்டி எங்கிருந்து வந்ததோ, அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. முழு பக்கவாதம் வரும் அபாயம் அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். கை சரியாகிவிட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மாத்திரை ஆரம்பித்து, கழுத்து ரத்தக்குழாயையும் இதயத்தையும் பரிசோதித்துவிட்டால், வரவிருக்கும் பெரிய பாதிப்பை நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. இவ்வளவு தெளிவாக முன்கூட்டியே எச்சரிக்கை தருகிற நோய்கள் குறைவு.

அடுத்த தவறு, எங்கே போகிறோம் என்று யோசிக்காமல் போவது. அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுக்காமல் எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியும் போடுகிற ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்கு அருகில் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள். 108-ஐ அழைத்தவுடன் “ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். தூங்கி எழும்போதே கை கால் விளங்காமல் இருந்தால், கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று சரியாகச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் படுத்தாரா, மூன்று மணிக்குப் பாத்ரூம் போய்வந்தபோது நன்றாக இருந்தாரா என்பதில் சிகிச்சையே மாறலாம். சாப்பிட்டுவரும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

வீட்டில் கொடுப்பவை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வாய் தண்ணீர்கூட வேண்டாம். பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம். அப்போது காபியும் கஞ்சியும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். மாரடைப்புக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் அது ஆளையே கொன்றுவிடலாம். பிரஷர் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும் தப்பு. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ளத்தான் உடல் பிரஷரை ஏற்றி வைத்திருக்கிறது, அதைச் சடாரென்று இறக்கினால் மிச்சமிருக்கும் மூளையும் பட்டினி கிடக்கும். சர்க்கரை தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால், வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் வண்டி வருவதற்குள் பார்த்துச் சொல்லுங்கள். பக்கவாதம் சரியாக விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தியைத் தயவுசெய்து இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள்.

புறா ரத்தம் தடவினால் விளங்காத கை எழும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கை எப்படி நிலைக்கிறது என்று எனக்குப் புரிகிறது. பக்கவாதம் வந்த பலர் முதல் மூன்று மாதங்களில் ஓரளவு தாமாகவே தேறுவார்கள். அந்த நேரத்தில் எதைத் தடவினாலும் பெயர் அதற்குப் போய்விடும். பிசியோதெரபி மிக நன்றாகப் பலன் தரும் மாதங்களும் அவைதான். அவற்றை எண்ணெயிலும் புறா ரத்தத்திலும் கழித்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

காரணங்களில் முதலிடம் ரத்தக்கொதிப்புக்கு. பெரியப்பா செய்த தவறும் இங்கேதான். பிரஷர் பார்த்தார், 130/80 இருந்தது, “நார்மலாயிடுச்சு” என்று மாத்திரையை நிறுத்தினார். மாத்திரை சாப்பிட்டதால்தான் அது நார்மலாக இருந்தது. நான்கு மாதம் ஒரு தலைவலிகூட இல்லை. மாத்திரை வாங்கக் காசில்லை என்ற நிலை தமிழ்நாட்டில் இருக்க வேண்டியதில்லை, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். சர்க்கரை நோய், கொழுப்பு, பீடி சிகரெட், புகையிலை எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான்.

பலருக்குத் தெரியாத காரணம் ஒன்றுண்டு. இதயம் தாளம் தப்பி ஒழுங்கற்றுத் துடித்தால், அதன் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறும். இவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்களுக்கு இளம் வயதிலேயே இது நேரலாம். பல் பிடுங்கப் போகிறோம் என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களின் மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே, இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடி பாருங்கள். கடிகாரம் போலச் சீராக அடிக்காமல் ஒன்று விட்டு, இரண்டு சேர்ந்து, மறுபடி விட்டு அடித்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.